சூற்பருவியல்

பாயிரம்

நூல் செய்வோர் அதன் பெயர், எல்லை, கேட்போர், பயன் முதலியவற்றை முன்வைத்துத் தொடங்குதல் மரபு. மாணாக்க, அம்மரபு இங்கும் வழுவாது.

பெயர்: சூற்பருவியல். சூல் கொண்ட மகளிர்க்கும் சூல் கொள்ள எண்ணிய மகளிர்க்கும் தோலில் எழும் பருவை வகுத்தும் தொகுத்தும் உரைப்பது.

எல்லை: வடக்கே கூந்தல் தொடங்கும் வரம்பு, தெற்கே தாடையின் அடி, கிழக்கும் மேற்கும் இரு செவிகள். மார்பும் முதுகும் இந்நிலத்தைச் சார்ந்த புறநாடுகள்.

கேட்போர்: சூலியர், சூல் வேண்டுவோர், அவர்தம் கணவர் என மூவர். மாமியார் கேளாமலே அறிந்தவர் ஆதலின் கேட்போருள் எண்ணப்படார்.

பயன்: பரு போதல் அன்று. பரு தானே போகும். பருவைப் போக்குகிறேன் என்று புறப்பட்டவர் கருவைத் தீண்டாமல் வீடு திரும்புதலே இந்நூலின் பயன்.

மருந்துப் பெயர்களைக் கடையில் வழங்குமாறே வைத்தோம். பழைய இலக்கணிகள் திசைச்சொல்லுக்கு இடங்கொடுத்தது இத்தகைய முட்டுப்பாட்டை முன்னுணர்ந்தே எனக் கொள்க.

முதல் இயல்: வடிவம்

வடிவால் பருவே ஐந்தென மொழிப;
அரிப்பொடு வருவன அயலெனப் படுமே.

உரை: பரு தோன்றுமாறு முதற்கண் அறிக. முகத்தின் மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. சூலின் தொடக்கத் திங்கள்களில் இயக்குநீர்கள் ஏறுங்கால் அச்சுரப்பிகள் அளவின் மிகுந்து சுரக்கும். உதிர்ந்த தோற்செதிள் அவ்வெண்ணெயில் குழைந்து மயிர்க்காலின் வாயை அடைக்கும். அடைபட்ட அறைக்குள், வழிவழியாக அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர் பெருகும். உடல் அதன்மேல் சினந்து சிவக்கும். இந்நுண்ணுயிர்க்கு அறிவியலார் 2016-இல் பெயர் மாற்றி, புரோப்பியோனிபாக்டீரியம் என்றிருந்ததைக் கியூட்டிபாக்டீரியம் என்றனர். பெயர் மாறியதால் அதன் ஒழுக்கம் மாறவில்லை. சிலர்க்கோ சூல் கொண்டதும் முன்பிருந்த பருவும் அடங்கும். ஆதலின் வரும் எனவும் வராது எனவும் முன்கூட்டித் துணிதல் நூலோர்க்குத் தகாது.

1. கருமுனை. மயிர்க்காலின் வாய் திறந்திருக்க, அடைப்பு காற்றுப்பட்டுக் கருத்தது. அக்கருமை அழுக்கன்று, தோலுக்கு நிறந்தரும் பொருளே அவ்வாறு கருக்கிறது. ஆகவே பீர்க்கங்கூட்டால் தேய்த்தலும் கடலைமாவால் அரக்குதலும் கருமையைப் போக்கா, மேல்தோலைப் போக்கும்.

2. வெண்முனை. வாய் மூடிய அடைப்பு. கைக்குத் தட்டுப்படும்; பிறர் கண்ணுக்குத் தட்டுப்படாது. உடையவர் மட்டுமே எண்ணிக்கை அறிவர்.

3. செம்முளை. சீழின்றிச் சிவந்து எழுந்தது. தொட்டால் நோவது, நோவும் என்று தெரிந்தும் தொடப்படுவது.

4. சீழ்முளை. நடுவில் மஞ்சள் தலையுடையது. கண்ணாடி முன் நிற்கும் இரு சுட்டுவிரல்களையும் ஒருங்கே அழைக்கும் ஆற்றல் இதற்கே உண்டு.

5. உள்முடிச்சு. தோலின் ஆழத்தில் கடினமாய்த் திரண்டு நாட்கணக்கில் நோவது. ஏனைய நான்கும் பொறுக்கத் தக்கன. இது பொறுக்கத் தக்கதன்று. பெரும்பாலும் வடு விட்டுச் செல்வது இதுவே ஆதலின், இதனை உடையவர் பிள்ளைப்பேறு முடியட்டும் என்று காத்திராமல் தோல் மருத்துவரை நாடுக.

இவ்வைந்தும் பொழுதால் மேலும் இருபாற்படும். எந்நாளும் எழுவது பொதுப்பரு. வளைகாப்பிற்கு முந்திய மாலை, மூக்கின் நுனியில், ஒன்றே ஒன்றாய் எழுவது நாட்பரு. நாட்பருவின் தோற்றுவாய் சுரப்பியில் இல்லை. மறுநாள் வரவிருக்கும் படப்பிடிப்பாளரை எண்ணிக் கண்ணாடியை நெருங்கிய கண்ணில் உள்ளது.

இனி, அயல். பருவைப்போல் தோன்றிப் பருவல்லாதன இரண்டு. ஒன்று, மயிர்க்கால் அரிப்பு: ஒரே அளவினவாய்ச் சிறு முளைகள் மார்பிலும் வயிற்றிலும் கூட்டமாய் எழுந்து அரிப்பது. பருவுக்கு நோவு உண்டு; இவ்வளவு அரிப்பு இல்லை. மற்றொன்று, தடமில்லா அரிப்பு: சூலின் பிற்பகுதியில், தோலில் ஒரு புள்ளியும் இன்றி, உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் பொறுக்கமாட்டாமல் அரிப்பது. இது ஈரலின் பித்தநீர் தேங்கியதன் அறிகுறியாய் இருக்கக்கூடும். கருவுக்கும் ஊறு செய்யவல்லது. இதற்குக் களிம்பு தேடி நாள் போக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் உடனே சொல்லுக. பருவல்லாத ஒன்றைப் பருநூலுள் வைத்தது ஏன் எனின், பருவென்று எண்ணிக் கடைக்குப் போவார் உளர் ஆதலின் என்க.

இரண்டாம் இயல்: காலம்

அறியாக் காலமே அஞ்சத் தக்கது.

உரை: நூற்பா ஓரடியான் அமைந்தது, பொருள் நூல் முழுதும் பரந்தது. காலம் நான்கு வகைப்படும்.

1. எண்ணுங்காலம். குழந்தை வேண்டும் என்று எண்ணியது முதல் கரு பற்றும் வரை. இக்காலத்தார் மூவர்.

1.1 வில்லை விட்டோர். கருத்தடை வில்லை சிலர்க்குப் பருவையும் அடக்கி வைத்திருக்கும். அதனை நிறுத்திய சில திங்களில் அடங்கியிருந்தவை திரும்பும். இவர்கள் கலங்கி, பழைய சீட்டைத் தேடி எடுத்துப் பழைய மருந்தைத் தாமே தொடங்குதல் கண்கூடு.

1.2 நீர்க்கட்டியர். சூலகத்தில் நீர்க்கட்டி என்று மருத்துவர் சொல்லக் கேட்டவர். இவர்க்குப் பரு தாடை ஓரத்தில் மிகும். இவர்க்கு நாள் தள்ளிப்போதல் இயல்பே ஆதலின், உண்மையாகவே நாள் தள்ளிப்போனபோது அதனைப் பொருட்படுத்தார். எனவே இவர்தம் அறியாக்காலம் பிறரினும் நீளும். நூற்பாவின் முழு எடையும் இவர்மேல் விழும்.

1.3 வரும்போது வரட்டும் என்போர். எண்ணவில்லை எனவும் தடுக்கவில்லை எனவும் கூறுவர். நூல் இவர்களை எண்ணுங்காலத்தார் என்றே கொள்ளும்.

2. அறியாக்காலம். கரு பற்றிய நாள் முதல் அதனை அறிந்த நாள் வரை. கிழமை என்றது ஏழு நாளை. கரு பற்றி இரண்டு கிழமை கடந்தபின்னரே நாள் தள்ளிப்போனது தெரியவரும். ஏறத்தாழ 22-ஆம் நாளில் கருவின் நெஞ்சாங்குலை துடிக்கத் தொடங்கிவிடும். மூன்றாம் கிழமை முதல் எட்டாம் கிழமை வரையில் மூளை, நெஞ்சாங்குலை, கண், செவி, கைகால் யாவும் வகுபடும். "பயணம் போனோம்ல, அலைச்சல்ல தள்ளிப்போயிருக்கும்" என்று பத்து நாள் காத்திருந்து, பிறகு குச்சியில் இரு கோடு பார்த்தவள், கருவின் நெஞ்சு துடிக்கத் தொடங்கியபின் செய்தி அறிந்தவள். அந்நாள்களிலும் அவள் இரவுதோறும் எதையோ பூசியிருப்பாள், எதையோ விழுங்கியிருப்பாள். ஆகவே காப்பு, அறிந்த நாளில் தொடங்கினால் பிந்தியது. எண்ணிய நாளில் தொடங்கினால் முந்தியது.

3. அறிந்தகாலம். முன், நடு, பின் என மும்மூன்று திங்களாய் மூன்று.

4. பாலூட்டுங்காலம். முகத்தில் பூசியது குழந்தையின் வாய்க்கும் கன்னத்துக்கும் எட்டாதிருத்தல் வேண்டும். ஏனைய, மருத்துவரைக் கேட்டுத் துணிக.

மூன்றாம் இயல்: மருந்து

தகாதன தகுவன கேட்டுத் துணிவனென
மூவகை மருந்தும் முறையுளி வகுப்பர்.

உரை: அமெரிக்க நாட்டின் மருந்தாட்சி அமைப்பு 1979-இல் சூலியர்க்குரிய மருந்துகளை ஏ, பி, சி, டி, எக்ஸ் என ஐந்தெழுத்தில் அடக்கிற்று. அழகிய வகுப்பு. ஆயினும், இன்று மருத்துவர் தயங்காது தரும் பென்சாயில் பெராக்சைடும், தரவே தராத ட்ரெட்டினோயின் பூச்சும் சி என்னும் ஒரே பாயில் படுத்திருந்தன. 2015 முதல் அவ்வமைப்பு எழுத்துகளைக் கைவிட்டு, ஒவ்வொரு மருந்துக்கும் உரைநடையில் விளக்கம் எழுதப் பணித்தது. வகுத்தவரே வகுப்பைக் கைவிடுதல் எந்நாட்டு நூலோர்க்கும் துயர் தருவது. நாம் கைவிடோம்; ஐந்தை மூன்றாக்கிக் காப்போம்.

முதற்பகுதி, தகாதன. இவை ஐந்து.

1. ஐசோட்ரெட்டினோயின். வைட்டமின் ஏ குடும்பத்தில் பிறந்த விழுங்கு மருந்து. 1982-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உள்முடிச்சுப் பருவை வேரறுக்க இதனின் வல்லது இல்லை. உருவாகும் கருவைக் குலைக்கவும் பருமருந்துகளுள் இதனின் வல்லது இல்லை. வயிற்றில் கரு இருக்க இதனை உண்டவர்தம் குழந்தைகளில் 20 முதல் 35 விழுக்காட்டினர்க்குச் செவி, முகம், நெஞ்சாங்குலை, மூளை ஆகியவற்றில் பிறவிக் குறைகள் காணப்பட்டன, கருச்சிதைவும் மிகுந்தது. ஆகவே 2006 முதல் அமெரிக்காவில் ஐபிளெட்ஜ் என்னும் பதிவு முறை உள்ளது: கருத்தரிக்கக்கூடிய பெண், கரு இல்லை என்று ஆய்வில் தெரிந்த பின்னரே மருந்து பெறுவாள், ஒருமுறைக்கு 30 நாளுக்கு மேல் கிடைக்காது. நிறுத்திய பின்னும் ஒரு திங்கள் முழுதும் கருத்தரித்தல் ஆகாது. அந்த ஒரு திங்களுக்குக் குருதிக்கொடையும் ஆகாது. யார் உடம்பில் ஏறும் என்று கொடுப்பவர் அறியார் அன்றோ? இதனை உண்ணுங்கால் நாள் தள்ளிப்போனால் மருந்தை அன்றே நிறுத்தி மருத்துவரை அன்றே காண்க.

2. பூச்சு ரெட்டினாய்டுகள். ட்ரெட்டினோயின், அடாப்பலின், டசரோட்டின் முதலான உடன்பிறப்புகள். முன்னதன் குடும்பமே, தோல் வழியே உடலுள் புகுவது சிறிதே. ஆயினும் கரு வேண்டுவோர் இவற்றை விடுக. அறியாக்காலத்தில் பூசிவிட்டவள் அஞ்சி நடுங்க வேண்டா: பூசியதால் பெருங்கேடு விளைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. நிறுத்துக, மருத்துவரிடம் சொல்லுக, அமைக. இதன் உட்பிரிவு ஒன்று உண்டு: கணவனின் குழாய். கைகழுவு தொட்டி மேல், பற்பசைக்கும் முகமழிப்புக் கத்திக்கும் இடையே, கழுத்து நெரிந்து நிற்கும் பெயர் அழிந்த குழாய். "அவருக்கு நல்லா கேட்டுச்சே" என்று அதிலிருந்து எடுப்பவள் எதை எடுத்தாள் என்பதை அக்குழாயும் அறியாது.

3. டெட்ராசைக்ளின் குடி. டாக்சிசைக்ளின், மினோசைக்ளின் முதலாயின. சூலின் நடுப்பகுதி தொட்டு, கருவின் பல்லும் என்பும் சுண்ணம் ஏற்கும் காலத்தில் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும். பின்னாளில் குழந்தையின் பால்பல் மஞ்சள் அல்லது பழுப்பு நிறத்தில் முளைக்கும், துலக்கினும் நீங்காது.

4. ஸ்பைரோனோலாக்டோன். ஆண்மை இயக்குநீரைத் தடுப்பதால் நீர்க்கட்டியரின் தாடைப் பருவுக்குத் தரப்படுவது. அதே இயக்குநீரால்தான் ஆண்கருவின் உறுப்புகள் ஆணுறுப்பாக வகுபடுகின்றன. ஆதலின் எண்ணுங்காலத்திலேயே நிறுத்தத் தக்கது.

5. வெளுப்புக் களிம்பு. பருவுக்கும் பருத்தழும்புக்கும் நிறத்துக்கும் ஒன்றே போதும் எனக் கடையில் எடுத்துத் தரப்படும் முக்கூட்டு: ஸ்டீராய்டு ஒன்று, ஹைட்ரோகுவினோன் ஒன்று, ட்ரெட்டினோயின் ஒன்று. இவற்றுள் ஹைட்ரோகுவினோன் பூசியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோலைக் கடந்து உள்ளே செல்லும். ஸ்டீராய்டோ, முதற்கிழமை முகத்தைப் பளிங்காக்கி, தொடர்ந்து பூசியபின் தானே பருவை விளைவிக்கும். மருந்தே நோயாய் நிற்பது இவ்வகை. இந்திய அரசு 2018-இல் ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதவற்றுள் சேர்த்தது. சீட்டு உள்ளதா என்று கேட்கும் கடைகளும் உள்ளன. பெயரில்லா வெளுப்புக் களிம்புகள் சிலவற்றில் பாதரசமும் உண்டு. அது தாயின் குருதி வழியே கருவின் மூளையைச் சென்றடையும்.

இரண்டாம் பகுதி, தகுவன. இவை நான்கு.

1. அசெலாயிக் ஆசிட். 15 அல்லது 20 விழுக்காட்டுப் பூச்சு. கோதுமையிலும் வாற்கோதுமையிலும் இயல்பாகவே உள்ள பொருள். பருவையும் அது விட்டுச்செல்லும் கருந்தழும்பையும் ஒருங்கே தணிப்பதால், மாநிறத்தோர்க்கும் கருநிறத்தோர்க்கும் சாலப் பொருந்தும். முதல் நாள்களில் குறுகுறுக்கும்.

2. பென்சாயில் பெராக்சைடு. பூசியதில் ஏறத்தாழ 5 விழுக்காடே உட்புகுந்து, பென்சாயிக் ஆசிடாக மாறிச் சிறுநீரில் கழியும். 10 விழுக்காட்டுப் பூச்சுக்கு உள்ள ஆற்றல் பெரிதும் 2.5 விழுக்காட்டுக்கும் உண்டு, எரிச்சல் குறைவு. இதன் குற்றம் துணியைச் சார்ந்தது. இது வெளுக்கும். முதுகில் பூசி, உலரும் முன் அரக்கு நிறப் பட்டு இரவிக்கையை மாட்டினால், கழுத்துப்பட்டியின் உட்புறம் திட்டுத்திட்டாய் ஆரஞ்சு நிறம் பாயும். வளைகாப்புக்கு வந்தவர் அதனைத் தையற்காரன் குற்றம் என்பர்.

3. கிளிண்டமைசின் பூச்சு. நுண்ணுயிர்க்கொல்லி. இதனைத் தனியே நெடுநாள் பூசினால் நுண்ணுயிர் பழகிக்கொள்ளும். ஆதலின் முன்னதனோடு இணைத்தே பூசப்படும்.

4. சிற்றளவு ஆசிடுகள். கிளைகோலிக் ஆசிடும், 2 விழுக்காட்டுக்கு மேற்படாத சாலிசிலிக் ஆசிடும். சாலிசிலிக் ஆசிடைச் சிறு பரப்பில் பூசுதலும் முகங்கழுவியாய்க் கொள்ளுதலும் அமையும். முகமும் முதுகும் நிறையப் பூசித் தோலுரித்தல் அமையாது.

மூன்றாம் பகுதி, கேட்டுத் துணிவன. உள்முடிச்சு முற்றியவர்க்கு எரித்ரோமைசின், அசித்ரோமைசின், செஃபலெக்சின் போன்ற விழுங்கு மருந்துகளை மருத்துவர் சில நாளுக்குத் தருவதுண்டு. எரித்ரோமைசினுள் எஸ்டோலேட் என்னும் வடிவம் சூலியின் ஈரலைத் தாக்கவல்லது ஆதலின் விலக்கப்படும். தோல் பொலிவுக்கென விற்கும் வில்லைகளில் ரெட்டினால் என்ற பெயரில் வைட்டமின் ஏ இருப்பின், நாளொன்றுக்கு 10,000 அலகைக் கடத்தல் ஆகாது; கருவுக்குக் கேடு. குருதி ஊறும் என்று கிழமைக்கு இருமுறை ஆட்டீரல் வறுத்துத் தரும் வீடுகளும் இதனை அறிக: ஈரலில் ரெட்டினால் மிகுதி. முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் உள்ளது வேறு, உடல் வேண்டிய அளவே அதனை மாற்றிக்கொள்ளும், அவற்றுக்கு விலக்கில்லை.

நான்காம் இயல்: சொல்லுநர்

கேளார் ஆயினும் சொல்லுவர் ஆதலின்
சொல்லுநர் ஐவர் இயல்பும் கூறுதும்.

உரை: பருவுடையாள் வாய் திறவாமலே, பருவைக் கண்டமாத்திரத்தில் பேசத் தொடங்குவோர் சொல்லுநர் எனப்படுவர்.

1. பால்கணிப்பர். "மூஞ்சி இப்படி வாடிப்போய்ப் பரு போட்டிருக்கே, பொண்ணுதான். அம்மா அழகைப் பொண்ணு வாங்கிக்கும்" என்பது இவர்தம் முதற்கோள். இவர் இருவகையர்: பெண் பிறந்தபின் "அன்னைக்கே சொன்னேனா இல்லையா" என்போர், ஆண் பிறந்தபின் அவ்வீட்டில் காப்பி குடித்துவிட்டு வேறு பொருள் பேசுவோர். பரு இயக்குநீராலும் மரபாலும் வருவது. குழந்தையின் பாலை அது சொல்லாது. கருவின் பாலை அறிதலையும் அறிவித்தலையும் இந்தியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பருவைக் கருவியாய்க் கொண்டு கணிப்போரை அச்சட்டம் சுட்டிற்றில்லை. கணிப்பின் தரம் நோக்கி விட்டது போலும்.

2. கைமருந்தர். இவர் கையிருப்பால் ஐவகையர். சங்குரைப்பர்: கல்லில் நீர் விட்டுச் சங்கை இழைத்துப் பூசுவோர், அது சுண்ணம், ஈரத்தை உறிஞ்சும், அடைப்பைத் தொடாது. மஞ்சளர்: சமையலறை அளவில் பூசுவதில் தீங்கில்லை, தலையணையுறை மட்டும் தாங்காது. எலுமிச்சையர்: சாறு பூசி வெயிலிற் சென்றால் தோல் வெந்து கருத்துப்போகும், விலக்குக. பற்பசையர்: பற்பசை பல்லுக்குச் செய்யப்பட்டது; இதற்கு மேல் உரை வேண்டா. வேம்பர்: இலையை அரைத்துப் பூசும் அளவில் நில்லாது "ஒரு உருண்டை முழுங்கிடு, ரத்தம் சுத்தமாகும்" என்போர். வேப்பெண்ணெய்க்குக் கருக்கலைக்கும் ஆற்றல் உண்டென விலங்குகளில் கண்டுள்ளனர்; வேம்பை விழுங்குதல் சூலியர்க்கு ஆகாது. ஐவருள் இவர் ஒருவரே உண்மையில் அஞ்சத் தக்கவர். ஆயினும் மிகுந்த அன்புடையவரும் இவரே ஆதலின் மறுத்தல் அரிது. "டாக்டர் வேண்டாம்னுட்டாங்க அத்தை" என்பது இவர்க்குரிய விடை.

3. தன்னொப்பர். "எனக்கு மூணு பிள்ளை பிறந்துச்சு, ஒரு பொட்டுகூட வரல" என்போர். தீங்கற்றவர், பயனும் அற்றவர்.

4. குழாய்வள்ளல். மருந்துக்கடையின் கண்ணாடிப் பலகைக்கு அப்பால் நின்று, பருவை அன்றிப் பருவுடையாளின் வயிற்றை நோக்காதவர். வயிறு தெரியாத திங்கள்களில் அவர் அதனை நோக்கினும் பயனில்லை. ஆதலின் "மூணு மாசம்" என்றோ "குழந்தைக்குப் பார்த்துட்டிருக்கோம்" என்றோ சொல்லும் கடமை வாங்குவோர்மேல் விழும். இவ்வொரு தொடரைச் சொல்ல நாணி, கேடு கொணர்ந்தவர் பலர்.

5. கிள்ளுநர். பேச்சிடையே கை நீட்டி "இரு, அசையாதே" என்போர். தமக்கைமார் இவ்வகையில் மிகுதி. கிள்ளியது உள்ளே வெடித்தால் சீழ்முளை உள்முடிச்சாகும், வடு நிற்கும். கிள்ளுநருள் தலையாயவர் பருவுடையாளே ஆதலின், அவர்க்குக் கூறிய விலக்கு முதற்கண் இவர்க்கு.

ஐந்தாம் இயல்: ஒழுகலாறு

பூசலிற் பொறுத்தல் தலையெனப் படுமே.

உரை: பூசல் ஈண்டுப் பூசுதல், சண்டையும் ஆம். ஒழுகலாறு ஆறு.

1. கழுவல். நாளொன்றுக்கு இருமுறை, வெதுவெதுப்பான நீரில், மென்மையான வழலையால். வியர்த்தபின் மூன்றாம் முறைக்கு ஒப்புதல் உண்டு. நான்காம் முறைக்கு இல்லை.

2. தைலவரம்பு. கூந்தலில் வழிய எண்ணெய் வைத்தால் நெற்றி ஓரத்தில் மயிர்க்கால் அடையும். எண்ணெய் உச்சியில் நிற்க, நெற்றிக்கு இறங்கற்க.

3. அளவு. முகம் முழுமைக்கும் பட்டாணி அளவு. மருந்தை மிகுத்தால் பயன் மிகாது, எரிச்சல் மிகும்.

4. வெயில் காப்பு. துத்தநாக ஆக்சைடு கலந்த காப்புப் பூச்சு சூலியர்க்குத் தகும். சூலில் தோல் எளிதிற் கருக்கும் ஆதலின் பரு போன இடத்துத் தழும்பும் எளிதிற் கருக்கும்.

5. பொறுமை. இது முத்திறத்தது. மூன்று நாளில் முகம் பார்ப்பது கடை. மூன்று கிழமையில் பார்ப்பது இடை. எட்டுக் கிழமை வரை பூசியபின் பார்ப்பது தலை. பூச்சு மருந்துகள் வேலை செய்ய ஆறு முதல் எட்டுக் கிழமை வேண்டும். கடைப்பொறுமையினர் மூன்று நாளுக்கு ஒரு குழாய் மாற்றி, பிள்ளைப்பேற்றுக்குள் கடையையே வாங்கிவிடுவர்.

6. பட்டியல். எண்ணுங்காலத்தின் முதல் நாளில், வீட்டில் உள்ள குழாய், வில்லை, புட்டி அனைத்தையும் ஒரு பையிலிட்டு மருத்துவர் மேசைமேல் கொட்டுக. பெயர் அழிந்தவற்றையும் கொட்டுக. அவற்றை அவர் குப்பைக்கூடையில் இடுவார். இந்நூல் முழுதும் கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும் பொதுவான ஒழுகலாறு இது ஒன்றே. நூலாசிரியர் வகுப்பார், சீட்டு எழுதார்.

புறனடை

கூறிய ஐந்தியலுள் அடங்காத பரு ஒன்று உண்டு. பிள்ளை பிறந்து இரண்டு மூன்று கிழமையில், தாயின் முகம் தெளியத் தொடங்கும் நாள்களில், குழந்தையின் கன்னத்திலும் நெற்றியிலும் செம்முளைகள் தோன்றும். அது பச்சிளம்பரு எனப்படும். பெரும்பாலும் மூன்று திங்களுக்குள் தானே நீங்கும், வடு விடாது. சொல்லுநர் ஐவரும் சங்கு, மஞ்சள், தாய்ப்பால், பூந்தூள் ஆகியவற்றோடு மீண்டும் வருவர். அதற்குரிய நூல் வேறு, மாணாக்க. அதன் முதல் நூற்பா: ஒன்றும் பூசற்க. இரண்டாம் நூற்பா அந்நூலில் இல்லை.